யூதப் பகைமை நம் மார்க்கமன்று

பலஸ்தீனம் நம் நெஞ்சில் ஆறாத புண். காஸாவில் பல்லாயிரம் உயிர்களைப் பறித்த இஸ்ரேலிய அரசின் கொடுமையைக் கண்டிக்க நமக்குத் தயக்கமில்லை. தயங்குவது ஈமானுக்கு அழகுமன்று. ஆனால், அக்கண்டனத்தின் நிழலில் வேறொன்றும் நம் இல்லங்களுக்குள் புகுந்துவிட்டது. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் ஜும்ஆ முடிந்து கலையும் இளைஞர் வாயில் அது வருகிறது. கைப்பேசி வழியே பெண்டிர் பிள்ளைகள் செவிக்கும் எட்டுகிறது. "யூதன் என்றாலே அப்படித்தான், ஹிட்லர் மிச்சம் வைத்ததுதான் தவறு" என்பதே அது. அரசைக் கண்டித்தல் வேறு; ஓர் இனத்தையே வெறுத்தல் வேறு. முன்னது நீதி. பின்னது ஜாஹிலிய்யத்.

மறை காட்டும் வழி

மதீனாவில் முஸ்லிம் குலமொன்றைச் சேர்ந்த ஒருவன் கவசம் ஒன்றைத் திருடிவிட்டுப் பழியை ஒரு யூதர்மீது சுமத்தினான். குலத்தார் திரண்டு வந்து அவனுக்காக வாதாடினர். அப்போது இறங்கியவையே சூரத்துந் நிஸாவின் 105ஆம் வசனமும் அதனைத் தொடர்வனவும் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். மோசடிக்காரருக்காக வழக்காட வேண்டாம் என்று அல்லாஹ் தன் தூதருக்கே கட்டளையிட்டான். ஒரு யூதரின் குற்றமின்மைக்கு வஹீயே சாட்சியாயிற்று! இதைவிடப் பெரிய பாடம் வேறென்ன வேண்டும்?

யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். 'யூதருடையதாயிற்றே' என்று தோழர்கள் சொல்ல, அதுவும் ஓர் உயிரல்லவா என்னும் கருத்துப்படத் திருப்பிக் கேட்டார்கள். அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை யூதர் மகள் என்று குத்திப் பேசியபோது, நபிமார் வழித்தோன்றலென அவர்களின் பெருமையை எடுத்துரைத்து ஆறுதலளித்தார்கள். யூதப் பிறப்பே இழிவு என்போர், உம்முல் முஃமினீன் ஸஃபிய்யா நாயகியை எங்கே வைப்பார்கள்?

யூதரைக் கடிந்துரைக்கும் வசனங்கள் இல்லையா என்பர் சிலர். உண்டு. அவை செயலைக் கடிவன. பிறப்பைக் கடிவன அல்ல. அவர்கள் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர் என்று ஆலு இம்ரானின் 113ஆம் வசனம் பிரித்துக் காட்டுவதை இவர்கள் ஓதுவதே இல்லையா?

இரவல் நஞ்சு

அப்படியானால் இந்நஞ்சு எங்கிருந்து வந்தது? 1144இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஒரு சிறுவன் கொலையுண்டான். யூதர் தம் சடங்கிற்காகக் கொன்றனர் என்று கிறித்தவர் கட்டிய கதை ஐரோப்பாவெங்கும் பரவி எண்ணற்ற உயிர்களைக் குடித்தது. 1903இல் ரஷ்யாவில் 'சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்' என்ற போலி ஏடு வெளிவந்தது. உலகை அடிமைகொள்ள யூதர் தீட்டிய சதி என்றது அது. 1864இல் மொரிஸ் ஜோலி என்னும் பிரெஞ்சுக்காரர் மூன்றாம் நெப்போலியனைச் சாடி எழுதிய நூலிலிருந்து களவாடப்பட்டதே அவ்வேடு என்று 1921இல் இலண்டன் 'டைம்ஸ்' இதழ் ஒப்பிட்டுக் காட்டியது. ஆயினும் ஹிட்லர் அப்பொய்யைக் கையிலேந்தினான். அறுபது இலட்சம் யூதர் மாண்டனர். மதத்தை மறுத்த ஸ்டாலினின் ஆட்சியும் 1953இல் யூத மருத்துவர்மீது சதிப்பழி சுமத்தியது. 1988இல் ஹமாஸ் வெளியிட்ட சாசனமும் அப்போலி ஏட்டையே சான்று காட்டிற்று. தம் பிணக்கு யூதரோடன்று, ஸியோனியத் திட்டத்தோடுதான் என்று 2017இல் அவ்வியக்கமே எழுத நேர்ந்தது. பாதிரியும் நாஜியும் பொதுவுடைமையாளனும் நம்மவரும் ஒரே பாழுங்கிணற்றில் நீர் மொண்ட கோலத்தைப் பாருங்கள்!

ஹிட்லரைப் புகழும் நம் பிள்ளைகள் இன்னொன்றையும் அறியட்டும். ஜெர்மனி செமித்திய இனத்தாரைக் களைந்தது இந்துஸ்தானத்துக்கு நல்ல பாடம் என்று 1939இல் வெளிவந்த நூலில் கோல்வால்கர் எழுதினார். அப்பாடம் குறிவைத்தது யாரை? இந்நாட்டில் சிறுபிடியளவே இருந்த யூதரையா? நம்மையா?

நம் கரையின் சாட்சி

849இல் கொல்லத்தில் எழுந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு ஒரு கிறித்தவப் பள்ளிக்கு உரிமைகள் வழங்கியது. அதில் சாட்சிக் கையொப்பங்கள் கூஃபி அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் அருகருகே நிற்கின்றன. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு அளித்த செப்பேட்டில் 'அஞ்சுவண்ணம்' என்னும் சொல் வருகிறது. கடல் வணிகர் குழுவைக் குறித்த அச்சொல்லே, தக்கலையில் பீர்முகம்மது அப்பா அடங்கியுள்ள இடத்தில் நம்மவர் பெயராக இன்றும் வாழ்கிறது. யூதரும் நாமும் ஒரு பெயரைப் பகிர்ந்திருந்தோம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

களங்கமும் உண்டு. 1524இல் கொடுங்கல்லூரில் முஸ்லிம்கள் யூதரைத் தாக்கி வீடுகளையும் தொழுகைக் கூடங்களையும் எரித்தனர். ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் தம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் அதை மறைக்காமல் பதிந்தார்கள். பிறகு மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதக் கோயிலை 1662இல் போர்த்துக்கீசியர் எரித்தனர். அதே மட்டாஞ்சேரி யூதத் தெருவில், 2019இல் மறைந்த மூதாட்டி சாரா கோஹனை முதுமையில் மகன்போலப் பேணியவர் ஒரு முஸ்லிம். இவற்றுள் எதை நம் மரபென்று பிள்ளைகளிடம் ஒப்படைக்கப் போகிறோம்?

'காஸா எரிகையில் இதுவா பேச்சு?' என்று சினப்பவர்க்கு ஒரு சொல். 2008 நவம்பரில் மும்பை நரிமன் இல்லத்தில் யூத ரப்பியும் மனைவியும் விருந்தினரும் கொல்லப்பட்டனர். அக்கொலைஞரை அடக்க எங்கள் கபரஸ்தானில் இடமில்லை என்று மும்பை முஸ்லிம்கள் மறுத்தனர். அக்கொலைக்குக் குரோம்பேட்டை முஸ்லிம் பொறுப்பாளியா? இல்லையெனில், இஸ்ரேலிய அமைச்சரவையின் செயலுக்குக் கொச்சி யூதரும் நியூயார்க் யூதரும் எவ்வாறு பொறுப்பாவர்? 2023 அக்டோபர் 7இல் பொதுமக்களைக் கொன்றதும் இதே தராசில் அநீதியே. இஸ்ரேலைக் கண்டிப்பதே யூதப் பகைமை என்று கூவி அநீதியை மறைப்போர்க்கும் இத்தராசு விடை சொல்லும். நம் கண்டனம் தூய்மையாயிருந்தால் அவர்கள் வாய் தானே அடைபடும். அதில் வெறுப்பைக் கலப்பவனோ பலஸ்தீனத்தின் பகைவனுக்கே வாள் தீட்டிக் கொடுக்கிறான்.

ஆதலின் கதீபுகள் மிம்பரில் பொய்யேட்டின் வாசகங்களை உதறட்டும். பெற்றோர் பிள்ளைகளின் கைப்பேசியில் வரும் ஹிட்லர் துதியைக் கண்டிக்கட்டும். ஒரு கூட்டத்தார்மீது கொண்ட பகை நம்மை நீதியினின்று வழுக்கிவிடாதிருக்க வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.