கறுப்புக் கோட்டுக்கு வெளியேயும் வேலை உண்டு!

‘பொண்ணு வக்கீலுக்குப் படிக்கிறா’ என்று சொல்வதில் பெற்றோருக்கு ஒரு தனிப் பெருமை. படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து, அதே சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: ‘கோர்ட்டுக்குப் போறாளா?’ ‘இல்லை, வேற வேலை பார்க்கிறா’ என்று பதில் வந்தால், ஐந்து வருடப் படிப்பும் வீணாகிவிட்டதைப் போல ஒரு பார்வை பார்ப்பார்கள்.

சட்டம் படித்தவர் கோர்ட்டுக்குப் போகவில்லை என்றால் அது தோல்வியா? செங்கல்பட்டு மாவட்டத்தில் பல வீடுகளில் இது நிஜமான கேள்வி. காரணம், இங்கே சட்டக் கல்லூரிகள் அதிகம். செங்கல்பட்டில் ஓர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. 1891-ல் தொடங்கப்பட்ட சென்னை சட்டக் கல்லூரி 2018-ல் உயர் நீதிமன்ற வளாகத்தை விட்டு இடம் மாறியபோது, ஒரு பகுதி கேளம்பாக்கம் அருகே புதுப்பாக்கத்துக்கு வந்தது. காட்டாங்கொளத்தூர், வண்டலூர், கேளம்பாக்கம் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகங்களிலும் சட்டப் படிப்பு உண்டு. ஆண்டுதோறும் பட்டம் வாங்கி வெளியே வரும் இத்தனை பேருக்கும் கோர்ட்டில் இடம் இருக்கிறதா?

முதல் சில வருடங்கள்

ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து, கட்டுகளைச் சுமந்து, வாய்தா வாங்கி, மனு எழுதப் பழகுவதுதான் வழக்கமான பாதை. தொழில் கற்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால், கையில் வரும் காசு பஸ் செலவுக்கே போதாமல் திண்டாடியவர்கள் பலர். இந்த நிலையைப் பார்த்துத்தான் 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், இளம் வழக்கறிஞர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை கிடைக்க வழிசெய்யும்படி பார் கவுன்சிலிடம் சொன்னது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் என்று அளவும் வைத்தது. அது ஒழுங்காகக் கைக்கு வருமா என்பது சேரும் இடத்தைப் பொறுத்தது.

அப்பாவோ, தாத்தாவோ வக்கீலாக இருந்த வீட்டுப் பிள்ளைகள் இந்தக் காலத்தைத் தாக்குப்பிடித்துவிடுவார்கள். வீட்டில் முதல் பட்டதாரியாக வந்து, கல்விக் கடனையும் தலையில் வைத்திருப்பவரால் காத்திருக்க முடியாது. அவருக்கு வேறு வழிகள் தெரிந்திருப்பது அவசியம். அதற்கு வெகுதூரம் போக வேண்டாம், மாமல்லபுரத்திலிருந்தே தொடங்கலாம்.

உளிச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு சட்டம்

மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தி வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால், குறியீடு கிடைத்தவுடன் ஊரில் உள்ள ஒவ்வொரு சிற்பியும் அதைத் தன் சிற்பத்தின் மீது ஒட்டிக்கொள்ள முடியாது. 1999-ம் ஆண்டுச் சட்டப்படி, ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு விண்ணப்பம், ஆதாரம், கட்டணம் எல்லாம் உண்டு. குறியீட்டின் பதிவையே 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேறு எங்கோ இயந்திரத்தில் செதுக்கிய பொம்மையை ‘மாமல்லபுரம் சிற்பம்’ என்று யாராவது விற்றால், அதை எதிர்த்து நடவடிக்கை எடுக்கவும் முறையான வழி தெரிய வேண்டும்.

கல்லைப் படிக்கத் தெரிந்த சிற்பிக்கு இந்தக் காகிதங்களைப் படிக்க ஒரு துணை தேவை. இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் கிண்டியில், அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் இருக்கிறது. செங்கல்பட்டில் ரயில் ஏறினால் போய்விடலாம். வணிகச் சின்னம், வடிவமைப்பு, காப்புரிமை என இந்தத் துறையின் மற்ற கிளைகளையும் சேர்த்துக் கற்றால் இதுவே ஒரு முழுத் தொழில். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: காப்புரிமை முகவர் தேர்வு எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் வேண்டும். பி.எஸ்சி. முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டம் படித்தவர்களுக்கு அது தனி பலம்.

அதே ஊரில் இன்னொரு தேவையும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். கடற்கரையை ஒட்டிய ஊர்களுக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் வேறு. ஒழுகும் கூரையை மாற்ற எந்த அலுவலகத்தில் என்ன மனு கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் அலைகிற குடும்பங்களுக்கு, வழக்குப் போடுபவரைவிட விதியைப் படித்துச் சொல்பவர்தான் முதலில் தேவை. தொண்டு நிறுவனங்களும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இந்தப் பாலத்தைத்தான் கட்டுகின்றன. இதில் பெரிய சம்பளம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சட்டம் தெருவில் எப்படி நடக்கிறது என்பதை இதைப்போல வேறெதுவும் கற்றுத்தராது.

ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களில்

சம்பளம் முக்கியம் என்பவர்களுக்கு, மாமல்லபுரம் வரை வந்து முடிகிற பழைய மகாபலிபுரம் சாலையே இருக்கிறது. சிறுசேரியிலும், செங்கல்பட்டு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியிலும் உள்ள நிறுவனங்களில் தினமும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின்றன. சரக்கு தாமதமானால் யார் பொறுப்பு, ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்தால் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று வரி வரியாகப் படித்து, சிக்கலை முன்கூட்டியே கண்டுபிடிப்பவர்தான் ஒப்பந்த மேலாளர். கோர்ட்டில் வழக்கு வந்த பிறகு வாதாடுவது ஒரு திறமை. வழக்கே வராமல் எழுதுவது இன்னொரு திறமை.

சட்டம் புதிதாக வரும்போதெல்லாம் வேலையும் புதிதாக வருகிறது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்தின்படி நிறுவனங்கள் தங்களைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது. 2025 நவம்பரில் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்ததால், மறைமலை நகர் போன்ற தொழிற்பேட்டைகளில் மனிதவளத் துறைக்குச் சட்டம் தெரிந்த ஆள் தேவை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு வேண்டும். அந்தக் குழுவுக்குப் பயிற்சி கொடுப்பதும் ஒரு வேலைதான்.

சீருடை, வங்கி, மொழிபெயர்ப்பு

ராணுவத்தின் சட்டப் பிரிவான ‘ஜேக்’, சட்டப் பட்டதாரிகளை ஆண், பெண் இருபாலரிலும் அதிகாரிகளாக எடுக்கிறது. பட்டத்தில் 55 சதவிகித மதிப்பெண், 21 முதல் 27 வயது, முதுநிலை ‘கிளாட்’ தேர்வு மதிப்பெண் ஆகியவை வேண்டும். திருமணமாகி இருக்கக் கூடாது. பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்தில் பயிற்சி. பொதுத்துறை வங்கிகள் சட்ட அதிகாரிகளைத் தேர்வு மூலம் எடுக்கின்றன.

தமிழ் நன்றாக எழுதுபவர்களுக்கு இன்னொரு வாசல். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இப்போது தமிழிலும் வருகின்றன. மென்பொருள் மொழிபெயர்த்தாலும், ஒரு சொல் பிசகினால் தீர்ப்பின் பொருளே மாறிவிடும். சரிபார்க்க இரண்டு மொழியும் சட்டமும் தெரிந்த மனிதர்தான் வேண்டும்.

இதெல்லாம் புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். சென்னை சட்டக் கல்லூரி தொடங்கிய அதே 1891-ல்தான், பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் பெயரில் உள்ள பம்மல் இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. சட்டம் படித்து வக்கீலானவர், பிறகு சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியும் ஆனார். ஆனால், தமிழ்நாடு அவரை நினைவில் வைத்திருப்பது ‘மனோகரா’வுக்காகவும் ‘சபாபதி’க்காகவும்தான். திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வக்கீல் தொழில் செய்த வையாபுரிப் பிள்ளை, 1926-ல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ஆனார். ஒரு சொல்லுக்குச் சரியான பொருள் எது என்று ஆதாரம் தேடும் வேலை, வக்கீலுக்கு அந்நியமானது இல்லையே!

வெளியேறும் முன் ஒரு நிமிடம்

கோர்ட்டை விட்டுப் போவது தவறில்லை. எந்தக் கதவு சாத்திக்கொள்ளும் என்று தெரியாமல் போவதுதான் ஆபத்து.

முதலாவது, பட்டம் வாங்கியதும் பார் கவுன்சிலில் பதிவு செய்துவிடுவது நல்லது. வங்கிச் சட்ட அதிகாரி போன்ற வேலைகளுக்கே அந்தப் பதிவு தேவை. பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சூட்டோடு சூடாக அகில இந்திய பார் தேர்வையும் எழுதிவிடலாம்.

இரண்டாவது, பதிவு செய்த வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் இருந்தபடி தொழில் செய்ய முடியாது. வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். வேலையை விட்டால் மீண்டும் தொடரலாம். இதை மறைப்பது பின்னாளில் பெரிய தலைவலி ஆகும். அதேசமயம், சட்டத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பது, சட்டப் புத்தகம் தொகுப்பது, பத்திரிகைகளில் எழுதுவது, தினமும் மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டக் கல்லூரியில் பாடம் எடுப்பது ஆகியவற்றைத் தொழில் செய்துகொண்டே செய்ய விதிகள் அனுமதிக்கின்றன.

மூன்றாவது, நீதிபதி கனவு இருப்பவர்கள் நன்றாக யோசிக்க வேண்டும். சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகளிடம் சட்ட எழுத்தராக இருந்த காலம் அதில் சேரும். நிறுவன வேலையில் இருந்த காலம் சேராது. அந்தக் கனவு இருந்தால் முதலில் கோர்ட், பிறகு மற்றது.

கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒன்று செய்யலாம். வரும் விடுமுறையில் ஒரு மாதம் செங்கல்பட்டு கோர்ட்டில் ஒரு வக்கீலிடமும், இன்னொரு மாதம் ஒரு நிறுவனத்திலோ தொண்டு அமைப்பிலோ பயிற்சிக்கு அனுப்பிப் பாருங்கள். எந்த இடத்தில் மகளோ மகனோ நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று கவனியுங்கள். ‘கோர்ட்டுக்குப் போறியா?’ என்ற கேள்வியை அதற்குப் பிறகு கேட்டால் போதும்.