எசேக்கியா திறந்து காட்டிய பொக்கிஷசாலை



எசேக்கியா ராஜா மரணப்படுக்கையிலிருந்து எழுந்த செய்தி பாபிலோன்வரைக்கும் எட்டியது. அந்தத் தேசத்து அரசன் கடிதங்களையும் பரிசையும் கொடுத்து, நலம் விசாரிக்கத் தூதர்களை அனுப்பினான். வெகுதூரத்திலிருந்து வந்த மரியாதை அல்லவா? எசேக்கியாவின் உள்ளம் குளிர்ந்துபோயிற்று. வெள்ளி, பொன், வாசனைப் பொருள்கள், ஆயுதக் கிடங்கு என்று ஒன்றையும் விடாமல் வந்தவர்களுக்குத் திறந்து காட்டினான். அவர்கள் போன பிறகுதான் ஏசாயா வந்து விசாரிக்கிறார்: வந்தவர்கள் என்ன சொன்னார்கள், எங்கேயிருந்து வந்தார்கள், வீட்டில் எதையெல்லாம் பார்த்தார்கள் என்று. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 20ஆம் அதிகாரத்தில் இதை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். இதைக் கொண்டு மின்னஞ்சலைப் பற்றி எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. ஒரு சகோதரரின் கண்ணீர் என்னை எழுத வைத்தது.

அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. சிறிய சபை ஒன்றில் மூப்பராயிருக்கிறார். சபை கூடுவது வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில். பரீட்சைக் காலம் வந்தால் ஆராதனைக்கு வேறு இடம் தேடி அலையவேண்டும். சபைக்கென்று சொந்த இடம் வேண்டும் என்று பல வருடங்களாக உபவாசித்து ஜெபித்து வருகிறார்கள். அப்படியிருக்கையில் அவருடைய மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு விதவை. புற்றுநோயால் நாட்கள் எண்ணப்படுகிறவர். கணவர் விட்டுச்சென்ற பெருந்தொகையைக் கர்த்தருடைய ஊழியத்துக்குக் கொடுக்க விரும்புகிறவர். அவருடைய பெயரைச் சொல்லி அழைத்து, சபையின் பெயரையும் குறிப்பிட்டு, உங்கள் சபைக்கு ஆலயம் கட்ட இடம் வாங்கித்தர ஏவப்பட்டேன் என்று எழுதியிருந்தார்.

ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று சகோதரர் முழங்காற்படியிட்டு அழுதாராம். பதிலெழுதினார். பணத்தை அனுப்புவதற்கு வக்கீல் கட்டணம் என்று 38,000 ரூபாய் கேட்டார்கள். வெளிநாட்டுக்குக்கூட அல்ல, நம் தேசத்து வங்கிக் கணக்கு ஒன்றுக்கே அனுப்பச் சொன்னார்கள். மகளின் நர்சிங் படிப்புக்கென்று சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தை எடுத்து அனுப்பினார். அடுத்து வரி என்று 75,000 கேட்டபோதுதான் மனைவியிடம் வாய் திறந்தார். அந்தச் சகோதரி அதிகம் படித்தவரல்ல. கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஏங்க, நம்ம சபைக்கு இடம் இல்லைங்கிறது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாராம்.

ஏசாயா கேட்ட கேள்வியும் அதுதான். வீட்டில் எதைப் பார்த்தார்கள்?

யோசித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. சில மாதங்களுக்குமுன் பிரசங்க ஒலிப்பதிவுகளை இலவசமாகத் தருவதாகச் சொன்ன ஓர் இணையதளத்தில் அவர் பதிவு செய்திருக்கிறார். பெயர், மின்னஞ்சல், செல்போன் எண், சபையின் பெயர், சபையில் வகிக்கும் பொறுப்பு, கடைசியாக ஒரு கட்டத்தில் ஜெபவிண்ணப்பம். அந்தக் கட்டத்தில் உள்ளத்தின் பாரத்தையெல்லாம் இறக்கிவைத்துவிட்டார். அந்தத் தளத்தை நடத்தியவர்களே கள்ளர் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களிடமிருந்து திருடப்பட்டிருக்கலாம், விலைக்குக் கைமாறியுமிருக்கலாம். எப்படியானாலும் பொக்கிஷசாலையின் கதவைத் திறந்தது நம் சகோதரரின் கைதான்.

இவ்வகை மோசடிக்கு 419 என்று ஒரு பெயர் உண்டு. நைஜீரியாவின் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றுதலைக் குறிக்கும் பிரிவின் எண் அது. மின்னஞ்சல் வருவதற்கு முன்பே தபாலில் இத்தகைய கடிதங்கள் வந்தன. இன்று எல்லாத் தேசங்களிலிருந்தும், நம் தேசத்திலிருந்தும் அனுப்புகிறார்கள். ஆகவே நைஜீரியா என்றவுடன் முகஞ்சுளிக்கவேண்டாம். அங்கே உத்தமமாய்த் தேவனைத் தேடுகிற கோடிக்கணக்கான ஜனங்கள் இருக்கிறார்கள்.

ஸ்பாம் எனப்படும் குப்பை அஞ்சல் ஏன் இவ்வளவு பெருகியது? 1978 மே 3ஆம் தேதி, அமெரிக்காவில் கேரி துர்க் என்ற விற்பனை அதிகாரி தம் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களை விளம்பரப்படுத்தி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே நேரத்தில் ஒரு செய்தி அனுப்பினார். இன்றைய இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் நடந்தது இது. நன்றாகத் திட்டு வாங்கினார். ஆனால் வியாபாரமும் நடந்தது. அந்த இரண்டாவது காரியம்தான் வினையாயிற்று. தபாலில் அனுப்பினால் ஒவ்வொரு கடிதத்துக்கும் தபால்தலை வேண்டும். மின்னஞ்சலிலோ லட்சம் பேருக்கு அனுப்பவும் செலவு ஏறக்குறைய இல்லை. லட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் அனுப்பியவனுக்கு லாபமே.

நாம் குடியிருக்கும் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் வரிசையாக லெட்டர் பாக்ஸ் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மின்சாரக் கட்டணச் சீட்டைவிடத் துண்டுப் பிரசுரங்களே அதில் அதிகம். மின்னஞ்சல் பெட்டியும் அப்படியே என்று பலர் எண்ணுகிறோம். வேண்டாததைக் கிழித்துப் போட்டால் போயிற்று என்கிறோம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. இந்தப் பெட்டிக்குள் வீட்டுச் சாவியும் கிடக்கிறது. பல இடங்களில் கடவுச்சொல் மறந்துபோயிற்று என்று அழுத்தினால் புதிய கடவுச்சொல்லுக்கான வழி எங்கே வருகிறது? உங்கள் மின்னஞ்சலுக்கே. வங்கி, வருமானவரி, வருங்கால வைப்புநிதி, ரயில் டிக்கெட், பிள்ளைகளின் பள்ளி எல்லாவற்றுக்கும் நாம் கொடுத்திருப்பது ஒரே முகவரி. அதே முகவரியைத்தான் மாலில் குலுக்கல் பரிசுச் சீட்டிலும் எழுதிப் போடுகிறோம்.

ஆகையால் நான் முதலாவது சொல்வது: இரண்டு முகவரிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வீதிக்கு. வீட்டு முகவரியை வங்கி, அரசு அலுவலகம், வேலை செய்யும் நிறுவனம், நெருங்கிய உறவினர் தவிர வேறொருவருக்கும் கொடுக்கவேண்டாம். வீதி முகவரியைப் பரிசுக் கூப்பன், இலவசப் பாடல், கடை விசுவாச அட்டை (இந்த இடத்தில் விசுவாசம் என்ற சொல் எனக்கு எப்போதும் உறுத்தும்) ஆகியவற்றுக்குக் கொடுக்கலாம். அதில் குப்பை நிறைந்தால் ஒரு நாள் அப்படியே கைவிட்டுவிடலாம். திருமண வரன் தேடுவதற்கும் வேலைக்கு விண்ணப்பிப்பதற்கும் மூன்றாவதாக ஒன்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. வரன் அமைந்ததும், வேலை கிடைத்ததும் மூடிவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்தால் செய்ததெல்லாம் வீண் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய வழியும் உண்டு. உங்கள் பெயருக்குப் பின், அட் குறிக்கு முன், ஒரு கூட்டல் குறியும் அந்தக் கடையின் பெயரும் சேர்த்துக் கொடுத்தாலும் அஞ்சல் உங்களுக்கே வந்து சேரும். நாளைக்கு அந்த முகவரிக்கு வேறெவரோ எழுதினால், வெளியே விட்டது யார் என்று தெரிந்துவிடும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. தந்திரக்காரர்கள் அதை நீக்கிவிட்டும் அனுப்புவார்கள். ஆகவே இதையே முழுமையாக நம்பவேண்டாம்.

படிவத்தை நிரப்பும்போது நட்சத்திரக் குறியிட்ட கட்டங்கள் மட்டுமே கட்டாயம். பிறந்த தேதி, திருமண நாள், மாத வருமானம் இவற்றைப் பாட்டுப் புத்தகம் அனுப்புகிறவருக்குச் சொல்லவேண்டிய அவசியமென்ன? கீழே சிறிய எழுத்தில், எங்கள் கூட்டாளிகளின் சலுகைகளையும் அனுப்பலாம் என்பதற்கு எதிரே முன்கூட்டியே சரிக்குறி போட்டு வைத்திருப்பார்கள், எடுத்துவிடுங்கள். ஊரிலிருந்து வேலை தேடி வருகிற தம்பிகளுக்கு விசேஷமாகச் சொல்கிறேன்: பயோடேட்டாவில் ஆதார் எண், பான் எண், பாஸ்போர்ட் எண் எழுதவேண்டாம். நேர்முகத் தேர்வுக்கு முன்னே பதிவுக் கட்டணம் கேட்கிறவன் வேலை கொடுக்கிறவனல்ல.

பெட்டிக்குள் வந்துவிட்ட குப்பையை என்ன செய்வது? அறிந்த நிறுவனம், நீங்களே பதிவு செய்த இடம் என்றால், கடிதத்தின் அடியில் விலகிக்கொள்ளும் லிங்க் இருக்கும். அதை அழுத்தி விலகலாம். முன்பின் அறியாதவர் அனுப்பியதில் அதைத் தொடவே கூடாது. தொட்டால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே சாட்சி சொன்னதாகிவிடும். ஸ்பாம் என்ற பொத்தானை அழுத்தினால் போதும். கடிதத்தில் வரும் படங்களும் சில வேளை ஒற்றர் வேலை பார்க்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவு படத்தை வைத்து, நீங்கள் திறந்தீர்களா, எப்போது திறந்தீர்கள் என்று அனுப்பியவன் அறிந்துகொள்கிறான். படங்களைக் காட்டுவதற்குமுன் என்னைக் கேள் என்று அமைத்துக்கொள்ள ஜிமெயிலிலும் பிறவற்றிலும் வசதி உண்டு.

நாம் எவ்வளவு கவனமாயிருந்தாலும் வாங்கி வைத்தவர் கவனமாயிருக்கவேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயம்தான். யாஹூ நிறுவனத்தில் 2013ஆம் ஆண்டு நடந்த களவில், அன்று இருந்த சுமார் 300 கோடி கணக்குகளும் சிக்கியதாக 2017இல்தான் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. நம் தேசத்தில் 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று தனிச்சட்டம் நிறைவேறியது. எதற்காகக் கேட்கிறோம் என்று தெரிவித்து, ஒப்புதல் பெற்றே விவரங்களை வாங்கவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆனாலும் கொடுக்காத விவரத்தை எவராலும் திருடமுடியாது.

இனி நம் சபைகளைக் குறித்துச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் தயக்கமாயிருக்கிறது, சொல்லாமலிருக்கவும் கூடவில்லை. ஜெபக்குறிப்புகளை மின்னஞ்சலில் அனுப்புகிறோம். எண்பது விசுவாசிகளின் முகவரியும் எல்லாருக்கும் தெரியும்படி மேலே வரிசையாக நிற்கும். கீழே, இன்ன சகோதரிக்குக் கர்ப்பத்தின் கனி இல்லை, இன்ன சகோதரருக்குக் கடன்பாரம், இன்னாரின் மகன் குடிப்பழக்கத்தில் இருக்கிறான். ஒருவர் பாரத்தோடு ஊரிலுள்ள மைத்துனருக்கு அனுப்புவார். அவர் தம் சபைக்கு அனுப்புவார். ஒரு வாரத்தில் அந்தச் சகோதரியின் மாமியார் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். நான் கற்பனையாய் எழுதவில்லை. பலருக்கு அனுப்பும்போது முகவரிகளை பிசிசி என்ற கட்டத்தில் இட்டால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. ஜெபக்குறிப்பில் பெயர் வேண்டாம். ஒரு சகோதரி என்றால் போதும், கர்த்தர் அறிவார். புதிதாக வருகிறவர்கள் நிரப்பிக் கொடுக்கும் அட்டைகளும், கன்வென்ஷன் பதிவு நோட்டும் ஆராதனை முடிந்தபின் எங்கே கிடக்கின்றன என்று போதகர்கள் தயவுசெய்து ஒருமுறை பார்க்கவேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் கிடந்ததை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பணம் பறிபோயிருந்தால் வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்; தேசமெங்கும் இந்த எண்ணே. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுத்து நிறுத்த வழியுண்டு. ஆகவே மணி நேரங்கள்கூட முக்கியம். ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் மூலம் ஏமாற்றுகிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது.

நம் சகோதரர் புகார் கொடுத்தபோது இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. மூப்பரே ஏமாந்தார் என்று ஜனங்கள் பேசுவார்களே என்று அஞ்சி, போதகரிடம்கூடச் சொல்லாமல் திருவிருந்து எடுப்பதையும் நிறுத்தியிருந்தார். பணம் திரும்பவில்லை. மகளின் கட்டணத்துக்காக மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. பெயரைச் சொல்லாமல் எழுதுங்கள், வேறொருவர் விழாதிருக்கட்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

இப்போது அவர் வீட்டில் புதிய மின்னஞ்சல் முகவரி ஒன்று இருக்கிறது. அது மூன்று பேருக்கு மட்டுமே தெரியுமாம். பழைய முகவரி மனைவியின் பொறுப்பில். சென்ற மாதம் அதற்கு மறுபடியும் ஒரு கடிதம் வந்ததாம். விதவை வேறு, தேசம் வேறு, இம்முறை நோய் இருதயத்தில். சகோதரி ஸ்பாம் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் வைத்த குழம்பைப் பார்க்கப் போனாராம்.