மாமனார் பெயரில் ஒரு வீடு

போன ஐப்பசி மழையில் எங்கள் பகுதிக் காலனி ஒன்றில் ஒரு வீட்டின் பின்சுவர் சரிந்து விழுந்தது. தொகுப்பு வீடு. முப்பது வருடத்துக்கு முன்பு அரசு கட்டிக் கொடுத்தது. நல்லவேளை, அந்த நேரத்தில் உள்ளே யாரும் இல்லை. கணக்கெடுக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் சுவரைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டார்: "பட்டா யாரு பேர்லம்மா இருக்கு?"

"எங்க மாமனாரு பேர்லதாங்க" என்றார் அந்த அக்கா.

மாமனார் இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அக்காவின் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம். அலுவலர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். பொங்கல் வந்தது, போனது. பணம் வரவில்லை.

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பேரிடர் நிவாரண விதிகளின்படி, சமவெளியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், ஓரளவு சேதமான கல்வீட்டுக்கு 6,500 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய். அதோடு, சேதமானது அங்கீகரிக்கப்பட்ட கட்டடம் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும் என்ற நிபந்தனையும் அதே விதியில் இருக்கிறது. அரசே கட்டிய வீடு அங்கீகரிக்கப்பட்டதுதான். ஆனால் அதில் இப்போது குடியிருப்பவர் யார் என்பது அரசின் கணக்கில் இல்லை.

நம் காலனிகளில் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 1978-ஆம் வருடத்து 31-ஆம் எண் சட்டத்தின்கீழ் நிலம் எடுத்து, ஆதிதிராவிடர் நலத்துறை மனைப்பட்டா கொடுத்த இடங்கள் ஏராளம். பட்டாக் காகிதத்தை மஞ்சள் பையில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தோம். அது கிராமக் கணக்கில் ஏறியதா என்று பார்க்கவில்லை. பல இடங்களில் ஏறவே இல்லை. ஏறிய இடத்திலும் தாத்தா பெயரிலேயே நிற்கிறது.

பெயர் மாற்றாமல் விட்டதற்கு நான் கேட்ட காரணங்களில் என்னை அதிர வைத்தது வரி பற்றிய பயம். 2024 தேர்தல் நேரத்தில் வாரிசு வரி என்று ஒரு பேச்சு தொலைக்காட்சியில் ஓடியதல்லவா? அதைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "பேரை மாத்தினா வீட்டு விலையில பாதியக் கட்டச் சொல்லுவானாமே தம்பி." சொன்னது ஒரு தரகர். மாற்றாமல் இருக்க அவர் ஒரு வழி சொன்னாராம், அதற்கு ஒரு தொகையும் கேட்டாராம்.

இந்தியாவில் இறந்தவர் சொத்துக்கு வரி இருந்தது உண்மைதான். 1953-இல் எஸ்டேட் தீர்வைச் சட்டம் என்று வந்தது. பெரும் பணக்காரர்களுக்குப் போட்ட வரி அது. 1985 மார்ச் 16 முதல் அதுவும் எடுக்கப்பட்டுவிட்டது. இன்றைக்குத் தாத்தா வீடு பேரனுக்கு வருவதற்கு ஒரு ரூபாய்கூட வாரிசு வரி கிடையாது. வாரிசு என்ற முறையில் பட்டாவில் பெயர் சேர்க்க முத்திரைத்தாளும் தேவையில்லை. அண்ணன் தம்பிகள் பாகப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதினால்தான் பதிவுச் செலவு வரும்.

அடுத்தது விலை. எங்கள் ஊரில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. மண் ஒன்றுதான், பஸ் நிற்கும் இடமும் ஒன்றுதான். ஆனால் காலனி மனையை வாங்கக் காலனிக்காரர்தான் வர வேண்டும். வாங்க வருபவர் நாலு பேர் என்றால் விலை எப்படி ஏறும்? பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பும் தெருத்தெருவாக, சர்வே எண்வாரியாகத்தான் போடப்படுகிறது. நாளைக்கு ரோடு அகலப்படுத்த நிலம் எடுத்தால், 2013 சட்டப்படி அந்த மதிப்பையும் சுற்றுவட்டாரப் பத்திரங்களின் சராசரியையும் பார்த்து எது கூடுதலோ அதை அடிப்படையாக வைப்பார்கள். நமக்கு இரண்டுமே தாழ்ந்துதான் கிடக்கிறது. சாதி விலையைக் குறைத்து வைக்கும், அரசு அந்த விலையைப் பதிவேட்டில் எழுதி வைக்கும்.

இந்த இடத்தில்தான் வீட்டுக் காப்பீட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். காப்பீடு என்றால் நமக்கு எல்.ஐ.சி. தெரியும், வண்டி இன்சூரன்ஸ் தெரியும். வீட்டுக்கும் உண்டு என்றால் சிரிக்கிறார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில் ஒரே மாதிரியான பாலிசியைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கின்றன. தீ, இடி, புயல், வெள்ளம் இதில் அடங்கும். கலவரத்தில் ஏற்படும் சேதமும் அடங்கும். கட்டடத்துக்கு எடுத்த தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது, இதில் நிலத்தின் விலை வருவதே இல்லை. வீட்டின் பரப்பளவு எவ்வளவு, அதைத் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதுதான் கணக்கு. செங்கல்லும் சிமெண்டும் கொத்தனார் கூலியும் ஊருக்கு ஒரு ரேட், காலனிக்கு ஒரு ரேட் இல்லை. பத்திர ஆபீசில் பாதி விலை பெறும் நம் வீடு இந்தக் கணக்கில் மட்டும் முழு விலை பெறுகிறது. ஆனால் இழப்பீடு கேட்கும்போது வீடு யாருடையது என்று காட்ட வேண்டும். திரும்பவும் மாமனார் வந்து நிற்பார்.

ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, "எவனோ கொளுத்துவான், அதுக்கு நாங்க பிரீமியம் கட்டணுமா சார்?" என்றார். நியாயமான கோபம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் எரிந்தவை நன்றாக வாழத் தொடங்கியிருந்த வீடுகள். பெங்களூருக்குப் போய் உழைத்துச் சேர்த்த பீரோ, டிவி, வண்டி, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போயின. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, எரிக்கப்பட்ட வீட்டுக்குப் பதிலாக அரசு தன் செலவில் செங்கல் அல்லது கல் வீடு கட்டித் தர வேண்டும். அது கடமை. எந்தப் பாலிசியையும் காட்டி அரசு அதிலிருந்து நழுவ விடக் கூடாது. இதை அந்த மாணவரிடமும் சொன்னேன்.

பிரீமியத்தை யார் கட்டுவது என்பதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. 1988-இல் கிராமப்புற ஏழைகளின் குடிசைகளுக்கு ஒரு காப்பீட்டுத் திட்டம் வந்தது. தீப்பிடித்தால் குடிசைக்கு 1,000 ரூபாய், சாமானுக்கு 500. பிரீமியத்தை மத்திய அரசே கட்டியது. தொகை சிறியது, ஆனால் வழி அப்போதே போடப்பட்டுவிட்டது. இன்று கலைஞரின் கனவு இல்லத்துக்கு வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் கொடுக்கும் அரசு, சாவி கொடுக்கும் நாளிலேயே பத்து வருடத்துக்குக் காப்பீடு எடுத்துக் கொடுக்கலாம். பழைய தொகுப்பு வீடுகளுக்கும் சேர்த்து எடுக்கலாம். கூடவே, நலத்துறைப் பட்டாக்களை வாரிசு பெயருக்கு மாற்றக் காலனிக்கே வந்து முகாம் போட வேண்டும். கிராமசபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள்.

முகாம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். விடுமுறையில் வீட்டுக்கு வரும் மாணவர்கள் முதலில் அந்த மஞ்சள் பையைப் பிரியுங்கள். இறப்புச் சான்று இருக்கிறதா பாருங்கள். ஒரு வருடம் தாண்டியும் பதியாத இறப்பென்றால் கோட்டாட்சியர் அலுவலகம்வரை போக வேண்டியிருக்கும். பிறகு இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாருக்கு வாரிசுச் சான்று மனு, அதன்பின் பட்டா மாறுதல் மனு. இரண்டு தலைமுறை போயிருந்தால் இரண்டு வாரிசுச் சான்று. கட்டிக்கொடுத்துவிட்டோம் என்று அக்கா தங்கை பெயரை விட்டுவிடாதீர்கள்; 1956 சட்டத்திலேயே உயில் இல்லாத தகப்பன் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. பட்டா பாட்டி பெயரில் இருந்தால் தாத்தாவும் வாரிசு.

அந்த அக்காவுக்கு மாமனாரின் இறப்பே பதியப்படவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள்தான் மனு எழுதினாள். கோட்டாட்சியர் உத்தரவு மாசியில் வந்தது. வாரிசுச் சான்று மனு இப்போது தாலுகா ஆபீசில் இருக்கிறது. பின்சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள்.