கத்தியோடு முடியாத சிகிச்சை

வளரிளம் பருவத்தில் செய்யப்படும் உடற்பருமன் அறுவை சிகிச்சையின் பலன் பத்தாண்டுகளுக்குப் பிறகும் நீடிக்கிறது. அமெரிக்காவில் 13 முதல் 19 வயதுக்குள் இச்சிகிச்சை பெற்ற 260 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2024இல் வெளியானது. அவர்களின் உடல் நிறை குறியீடு சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டாம் வகை நீரிழிவு இருந்தவர்களில் 55 சதவீதத்தினர் அதிலிருந்து விடுபட்டிருந்தனர்.

ஆனால், இந்த அறுவையின் ஒரு வகையில் வாழைப்பழ வடிவில் சுருக்கப்படும் இரைப்பையை முதல் மாதங்களில் ஒரே இட்லி நிறைத்துவிடும். இரும்பு, பி12, வைட்டமின் டி குறைவதால் ஆயுள் முழுக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தேவை. பெற்றோர் இதை முன்பே அறிய வேண்டும். மருத்துவமனைகள் பல்லாண்டுக் கண்காணிப்பை உறுதிசெய்ய வேண்டும். பிள்ளைகள் மாலைதோறும் ஓடியாட நேரம் கிடைத்தால், பருமன் முற்றாமல் தடுக்க அதுவும் உதவும்.