"ஆதரவு உண்டு" என்பது முழு விடையன்று

மெய்நிகர் கணினி தன் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியை அணுகும்போது, வன்பொருளின் துணை இல்லையெனில், கட்டுப்பாடு பெரும்பாலும் ஹைப்பர்வைசரிடம் திரும்புகிறது. ஒவ்வொரு திரும்பலும் நேரத்தை விழுங்கும். இதைக் குறைக்கவே இன்டெல் 'ஏபிக்-வி' வசதியையும் ஏஎம்டி 'ஏவிக்' வசதியையும் செயலியிலேயே அமைத்தன.

ஆயினும் "இவ்வசதிக்கு ஆதரவு உண்டு" என்னும் தொடர் மூன்று பொருள் தரும்: செயலியில் வசதி உள்ளது, ஹைப்பர்வைசர் அதை இயக்கியுள்ளது, குறிப்பிட்ட மெய்நிகர் கணினி அதைப் பயன்படுத்துகிறது. முதலாவது மெய்யாயிருக்க, மற்ற இரண்டும் பொய்யாகலாம். லினக்ஸின் கேவிஎம்மில் அதற்கு ஓர் அளவுருவை அணைத்தாலே போதும்.

2022 டிசம்பரில் வெளியான ஸென் 4.17 இவற்றைப் பிரித்துக் காட்டியது. இன்டெல் செயலிகளில், அடிப்படைக் கணினியின் திறனை அது தனியே அறிவிக்கிறது; ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் அவ்வசதியை இயக்கவோ அணைக்கவோ தனி அமைப்பைத் தருகிறது. பிற ஹைப்பர்வைசர்களும் பின்பற்றத்தக்க முறை இது.

ஆய்வுலகத்துக்கு இது சிறு செய்தியன்று. தாமத அளவீடுகளை வெளியிடும் கட்டுரை செயலியின் பெயரை மட்டும் குறித்தால், அதே செயலியில் பிறர் பெறும் எண்கள் வேறுபடலாம், காரணமோ விளங்காது. மூன்று நிலைகளையும் பதிவுசெய்ய ஒரு வரி போதும். அவ்வரி இல்லாத அளவீட்டை மீட்டுச் சரிபார்ப்பது அரிது.