சந்தேகம் நோயாகும்போது



கடைக் கணக்கில் பிசகமாட்டார்; ஜமாஅத் கூட்டத்தில் நிதானமாகப் பேசுவார்; ஐவேளைத் தொழுகையையும் விடமாட்டார். ஆயினும், 'மனைவி துரோகம் செய்கிறாள்', 'உணவில் நஞ்சு கலக்கிறார்கள்' என்னும் எண்ணம் மட்டும் அவரை விட்டு அகலாது. மறுத்துச் சான்று காட்டுவோரும் அவர் கண்ணுக்குச் சதிகாரராகவே தெரிவர். ஒரு மாதத்திற்கும் மேலாக இந்நிலை நீடிப்பின், அது மருட்சி நோயாக இருக்கலாம்.

இதனை வஸ்வாஸ் என்று எண்ணிவிடலாகாது. வஸ்வாஸில் தவிப்பவர் தம் எண்ணம் வீணென்று பெரும்பாலும் அறிந்திருப்பார். இவரோ அதனை உண்மையென்றே நம்புகிறார். ஆகவேதான் தாமாக மருத்துவரிடம் செல்ல மாட்டார்.

1952ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படலாயிற்று. இன்று ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்றவை உள்ளன. மூளையில் டோபமைன் என்னும் பொருளின் செயலை இவை மட்டுப்படுத்துகின்றன. உறக்கமும் அமைதியும் சில நாட்களில் திரும்பலாம். நம்பிக்கை தளர வாரங்கள் ஆகும். சிலருக்கு முற்றிலும் மறையாவிடினும் அதன் பிடி தளரும். இவை போதை மாத்திரைகள் அல்ல. எனினும் கைநடுக்கம், உடற்பருமன், சர்க்கரை ஏற்றம் உண்டாகலாம். அவற்றை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமேயன்றி மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

வீட்டார் செய்ய வேண்டியது யாது? வாதிடாதீர்கள், 'ஆம், உண்மைதான்' என்றும் ஒத்து ஊதாதீர்கள். "உறக்கமின்றி வாடுகிறீர்களே, அதற்காகவேனும் மருத்துவரைப் பார்ப்போம்" என்று அழையுங்கள். சந்தேகம் மிரட்டலாகவோ அடியாகவோ மாறினால், அம்மனைவியை உடனே பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதே முதற்கடமை. 'பொறுத்துப் போ' என்று அவளுக்கு உபதேசிப்பது அநீதி. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டதை மறந்துவிட இயலுமா? 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பிய மருத்துவமனையிலோ மனநோயாளருக்கெனத் தனிப் பிரிவே இருந்தது!

மருந்து செய்துகொள்ளுமாறு பணித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். துஆவுக்குக் கையேந்துங்கள், அக்கையாலேயே நோயாளியின் கரம் பற்றி மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ்வே!