உள்ளூர்க் குரலுக்கு ஓர் இசைத்தட்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது" என்பது நம் முன்னோர் கண்ட பழமொழி. மாட்டுச் சந்தைக்குப் பொருந்தும் இவ்வுண்மை கலைச் சந்தைக்கும் பொருந்தும். ஒரு கலைஞன் தலைநகரம் சென்று பெயர் வாங்கி வந்த பிறகே பிறந்த ஊர் அவனை நிமிர்ந்து பார்க்கிறது. இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று, இங்கிலாந்திலும் இருந்தது. அதை எதிர்த்து நின்ற ஓர் இசைத்தட்டைப் பற்றியும், அதனால் நாம் பெற வேண்டிய பாடத்தைப் பற்றியும் என் கருத்தைச் சொல்ல விழைகிறேன்.

நம் கோவையைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்தோம். ஆனால் அந்த மான்செஸ்டர் எப்படிப்பட்ட ஊர், அதன் பிள்ளைகள் எதைப் பாடினார்கள் என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. அதைத் தேடிப் போனபோதுதான் 'ஷார்ட் சர்க்கியூட்' என்னும் நேரடி நிகழ்ச்சித் தொகுப்பு எனக்கு அறிமுகமாயிற்று. அதன் பாடல்களை இன்று அலைபேசியிலேயே தேடிக் கேட்கலாம்.

பஞ்சாலை நகரின் பாட்டு

உலகுக்கே துணி நெய்து கொடுத்த மான்செஸ்டர், 1970களில் ஆலைகள் பலவும் மூடப்பட்டு வேலையின்மையில் தவித்தது. இசைத்தட்டு நிறுவனங்களும் இசைப் பத்திரிகைகளும் லண்டனில் குவிந்திருந்தன. அந்நிலையில் பக்கத்து ஊரான போல்ட்டனில், தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் ஹோவர்ட் டெவோட்டோ, இசையில் நாட்டமுள்ளோர் தேவை என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார். அதைக் கண்டு வந்தவர் பீட் ஷெல்லி. இருவரும் தொடங்கிய குழுதான் 'பஸ்காக்ஸ்'. லண்டன் நிறுவனம் அழைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஏறத்தாழ 500 பவுன் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தாங்களே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டவை 1,000 பிரதிகள். அவை விற்றுத் தீர்ந்து, மேலும் பல்லாயிரம் அச்சிட நேர்ந்தது.

இக்குழுக்களுக்கு மேடை கொடுத்த இடங்களுள் ஒன்று, நகரின் ஏழைப் பகுதியான காலிஹர்ஸ்ட்டில் இருந்த 'எலெக்ட்ரிக் சர்க்கஸ்' அரங்கம். 1977 அக்டோபர் தொடக்கத்தில் அது மூடப்படும் நிலை வந்தபோது, கடைசி நிகழ்ச்சியில் பாடியவர்களை ஒலிப்பதிவு செய்தார்கள். அப்பதிவிலிருந்து எட்டு உருப்படிகளைத் தேர்ந்து 1978இல் வர்ஜின் நிறுவனம் பத்து அங்குலத் தட்டாக வெளியிட்டது. வெளியிட்டது லண்டன் நிறுவனமே என்பதை மறைக்க வேண்டியதில்லை. லண்டன் ஒலிவாங்கியோடு மான்செஸ்டருக்கு வந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

எட்டே உருப்படிகள்

அத்தட்டில் யார் யார் இருக்கிறார்கள்? பஸ்காக்ஸ் இருக்கிறார்கள். பக்கத்து நகரமான சால்ஃபோர்டின் துறைமுகத்தில் எழுத்தராக வேலை பார்த்த மார்க் ஸ்மித்தின் 'ஃபால்' குழு இரண்டு பாடல்கள் பாடுகிறது. சால்ஃபோர்டின் ஜான் கூப்பர் கிளார்க்கோ பாடகரே அல்லர், கவிஞர். ராக் கேட்க வந்த கூட்டத்தின் முன் நின்று, மூச்சு விடாமல் கவிதை பொழிகிறார். நம் பட்டிமன்ற மேடையில் பாப் இசை கேட்டது போல் எனக்கு வியப்பாக இருந்தது. பர்மிங்ஹாமின் கறுப்பின இளைஞர்களான 'ஸ்டீல் பல்ஸ்' குழுவின் ரெகே இசைக்கும் அங்கே இடம் உண்டு. அவர்கள் பின்னாளில், 1987இல், கிராமி விருது பெற்றனர். 'ட்ரோன்ஸ்' என்னும் உள்ளூர்க் குழுவும் இருக்கிறது. அது பிறகு பெரும் புகழ் எய்தவில்லை.

'ஜாய் டிவிஷன்' குழுவின் ஒரு பாடலும் உண்டு. அன்றிரவு மேடை ஏறியபோது அவர்கள் பெயர் 'வார்சா'. தட்டு வெளிவருவதற்குள் பெயரை மாற்றிக்கொண்டனர். 1979இல் வந்த அவர்களுடைய முதல் முழு இசைத்தட்டு உலகப் புகழ் பெற்றது. பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் மறைந்தார். புகழ்பெற்ற அந்தத் தட்டில் கேட்கும் நிதானமும் ஆழமும் இந்தப் பதிவில் இல்லை. இதில் உள்ளது கரடுமுரடான வேகம். மரமாக வளர்ந்ததை எல்லோரும் பார்க்கிறார்கள். விதை பிளந்த கணத்தைப் பிடித்து வைத்தது இத்தொகுப்பு.

மறுப்பும் விடையும்

ஒலி தெளிவாக இல்லை, கூச்சல் மிகுதி என்பார்கள். இயற்பியல் மாணவனுக்கு 'ஷார்ட் சர்க்கியூட்' என்றால் தடை குறைந்த குறுக்கு வழியில் மின்னோட்டம் பெருகிப் பாய்வது. மேடைக்கும் செவிக்கும் இடையே இத்தட்டு அப்படியொரு குறுக்கு வழி. கூட்டத்தின் கூச்சலும் அந்த இரவின் ஒரு பகுதியே.

ஒரு பாடலைக் கொண்டு ஒரு குழுவை எடைபோடலாமா என்றும் கேட்பார்கள். எடைபோடத் தேவையே இல்லை என்பேன். யார் உயர்வார், யார் மறைவார் என்று 1977இல் எவருக்கும் தெரியாது. புகழ் பெறப்போகும் ஜாய் டிவிஷனுக்கும் மறக்கப்படப்போகும் ட்ரோன்ஸுக்கும் அத்தட்டு கொடுத்தது ஆளுக்கு ஒரு பாடல். தொகுப்பு என்பது பந்தி. பந்தியில் உட்கார்ந்தவர்க்கெல்லாம் ஒரே அளவு இலைதான் போட வேண்டும்.

என் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் கோயில் திருவிழாக்களில் பறை அடித்தவர். அவர் கைபட்ட தாளத்துக்குச் சுற்று வட்டாரமே ஆடியிருக்கிறது. இன்று அவர் இல்லை. அந்த அடியில் அரை நிமிடம்கூட எங்கள் வீட்டில் பதிவாகி இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவன் நான். எழுதத் தெரிந்த எனக்கு அவரைப் பற்றி எழுத முடிகிறது. கேட்கச் செய்ய முடியவில்லை. மான்செஸ்டரில் ஒருவர் ஒலிவாங்கி வைத்தார், இங்கே வைக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

நாம் செய்ய வேண்டியது

நம் மான்செஸ்டரிலும் பல ஆலைகளின் சங்கு ஓய்ந்துவிட்டது. ஆனால் ஒயிலாட்டம், வள்ளி கும்மி, பறை, ஜமாப் முழங்கும் ஊர்கள் நம்மைச் சுற்றி இன்னும் இருக்கின்றன. கிடாரோடு சொந்தப் பாட்டுக் கட்டும் மாணவர்கள் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள். விழா என்றால் வெளியூர்க் குழுவைத்தான் அழைக்க வேண்டுமா? அடுத்த ஆண்டு விழாவில் ஒரு நாளை உள்ளூர்க் குழுக்களுக்கு ஒதுக்குவோம். குழுவுக்கு ஒரு பாட்டு என்று பதிவு செய்வோம். யார் பெரியவர், யார் சிறியவர் என்று தரம் பிரிக்க வேண்டாம். பாடியவர், வாசித்தவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைத் தவறாமல் எழுதி, பதிவின் ஒரு படியை நூலகத்தில் வைப்போம். இதற்கு 500 பவுன் வேண்டியதில்லை. அலைபேசியும் ஒரு நல்ல ஒலிவாங்கியும் போதும்.

நண்பர்களே! எலெக்ட்ரிக் சர்க்கஸ் மூடப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அங்கே பாடிய எட்டு உருப்படிகள் கோவையில் ஒரு மாணவன் காதை எட்டியிருக்கின்றன. நம் ஊரின் தாளம் எவர் காதையேனும் எட்ட வேண்டுமானால், அடிப்பவர் கை ஓயுமுன் ஒலிவாங்கியை எடுத்துச் செல்வோம்!